களத்துச் சாளைக்கு ஒரு பழைய நெட்புக்: எந்த லினக்ஸ் போடறதுங்க?

கொப்பரைக்களம் | காங்கயம் பக்கம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. 2009-ல நான் காலேஜ்ல சேந்தப்ப அப்பா வாங்கிக் குடுத்த பத்து இஞ்சு நெட்புக் ஒண்ணு பரண் மேல கெடந்துச்சு. ஆயுத பூசைக்கு ஊட்டைச் சுத்தம் பண்றப்ப எடுத்துத் துடைச்சு, சார்ஜர் மாட்டிப் பாத்தா விண்டோஸ் எக்ஸ்பி வந்து நிக்குது. பேட்டரி முக்கால் மணி நேரம் தாங்குது. இன்டெல் ஆட்டம்னு செயலி பேரு போட்ட ஒரு ஸ்டிக்கர், 1 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்டு டிஸ்க்.

எங்களுக்குக் கொப்பரைக் களமுங்க. காய் லோடு எறங்குனா யாரு தோட்டத்துக் காய், எத்தனை காய், உரிகூலி, ஒடைகூலி, காஞ்ச பொறகு பருப்பு எத்தனை கிலோ தேறுச்சு, எந்த மில்லுக்குப் போச்சு, பணம் எப்ப வந்துச்சுன்னு இருபத்தஞ்சு வருசமா அப்பா நீள நோட்டுல எழுதீட்டு வர்றார். இப்ப அவருக்குக் கண்ணு மங்கலாயிருச்சு. போன மாசத்து மழையில சாளை ஒழுகி ரெண்டு நோட்டு நனைஞ்சு மை ஊறிப் போச்சு. அதுல இருந்தே எனக்கு ஒரே வெசனம். கணக்கை நான் ஏத்தி வெக்கலாம்னு இருக்கேன்.

தம்பி போன்லயே போடுக்காங்கறான். நாப்பது வரிக் கணக்கைப் போன்ல ஏத்திப் பாத்தவங்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும். எனக்கு வேண்டியது தமிழ்ல தட்டி லிப்ரே ஆபிஸ் கால்க்ல கணக்கு வெக்கறது. பொழுதோட ஒருக்கா போன் ஹாட்ஸ்பாட்ல வெலை பாக்கோணும், மாசத்துல நாலு பில்லு டாட் மேட்ரிக்ஸ்ல எடுக்கோணும். சினிமாவெல்லாம் வேண்டாமுங்க. எந்த லினக்ஸ் போடறது? தேடுனா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.


சென்னிமலைப்படி | ஈரோட்டில் கல்லூரி

அக்கா, யோசிக்கவே வேண்டாம், ஆன்டிஎக்ஸ் போடுங்க. கிரேக்க நாட்டுல ஆரம்பிச்ச வினியோகம், அதாவது லினக்ஸைத் தொகுத்துக் குடுக்கற ஒரு பதிப்பு. டெபியன்ங்கற பழைய வினியோகத்தை அடிப்படையா வெச்சுச் செஞ்சது. பழைய மிஷினுக்குன்னே பாத்துப் பாத்துச் செதுக்கியிருக்காங்க. மிஷின் எழறப்ப சேவைகளைத் தொடங்கி நடத்தற சிஸ்டம்டிங்கற பெரிய நிரல் இதுல கெடையாது. ஐஸ்டபிள்யூஎம்னு ஒரு சன்னல் மேலாளர்தான், பெரிய டெஸ்க்டாப்பு எதுவும் பின்னாடி ஓடாது. முழுப் பதிப்புல லிப்ரே ஆபிஸ் உள்ளயே வந்துரும். எங்க மாமா கடையில 1 ஜிபி ராம்ல ரெண்டு வருசமா ஓடுது, நான்தான் போட்டுக் குடுத்தேன்.


ஜமுக்காளம் | பவானி

ஆன்டிஎக்ஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கணக்கு வைக்கிற மிஷினில் மூல டெபியனே இருக்கட்டும் என்பது என் கருத்து. ஆகஸ்ட் 2025-ல் டெபியன் 13 வந்திருக்கிறது. நெட்இன்ஸ்டால் எனும் சிறிய நிறுவல் கோப்பை (பிம்பம்) எடுத்து, டெஸ்க்டாப் கேட்கும் இடத்தில் எல்எக்ஸ்க்யூடி அல்லது எல்எக்ஸ்டிஇ எனும் எடை குறைந்த டெஸ்க்டாப்பை மட்டும் டிக் செய்யுங்கள். அடுத்த சில ஆண்டுகளுக்குத் தலைவலி இல்லை. வினியோகத்தை நடத்துகிறவர்கள் நாளைக்கு ஓய்ந்துபோனால் என்ன செய்வது என்ற கவலையும் டெபியனில் இல்லை. 1993-ல் தொடங்கியது, இன்றும் நிற்கிறது.


நொய்யல்கரை | திருப்பூர், சர்வீஸ் கடை

ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க தம்பிகளா. பொண்ணு ஆட்டம்னு மட்டும்தானே சொல்லுச்சு? எந்த ஆட்டம்னு கேக்காமயே வினியோகம் பேசறது, அளவு எடுக்காமத் துணி வெட்டற மாதிரி.

அம்மிணி, இன்டெல் ஆட்டத்துல ஒரே மாதிரி தெரியற ரெண்டு ரகம் உண்டு. 2008-ல வந்த என்270, 1.6 கிகாஹெர்ட்ஸ். அது 32 பிட் மட்டும்தான், 64 பிட்டுக்குச் செஞ்ச மென்பொருள் அதுல ஓடாது. 2010 ஆரம்பத்துல வந்த என்450-ல இருந்து 64 பிட் ஓடும். வெளியில இருந்து பாத்தா ரெண்டும் அதே பத்து இஞ்சு, அதே 1024க்கு 600 திரை, அதே சின்ன கீபோர்டு. நீங்க 2009-ல வாங்குனதுனா பெரும்பாலும் என்270-ஆத்தான் இருக்கும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்னா, 32 பிட்டுக்கு வரிசையா ஒவ்வொருத்தரா கடையச் சாத்தீட்டாங்க. உபுண்டு 2017-ல வந்த 17.10-லயே 32 பிட் டெஸ்க்டாப் பிம்பத்தை நிறுத்துனாங்க. ஆர்ச் அதே 2017-ல விட்டுது. ஃபெடோரா 2019-ல, 31-ம் பதிப்போட 32 பிட் கர்னலை, அதாவது லினக்ஸோட மையக் கருவை, நிறுத்தீருச்சு. லுபுண்டு 18.10 வரைக்கும் 32 பிட் குடுத்துச்சு, அப்பறம் இல்ல. தம்பி ஜமுக்காளம் சொன்ன டெபியன் 13-ல 32 பிட்டுக்கு இன்ஸ்டாலரும் இல்ல, கர்னலும் இல்ல. பழைய 32 பிட் மென்பொருளை 64 பிட் மிஷின்ல ஓட்டறதுக்கு மட்டும் பொதிகளை வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். அவங்களோட 64 பிட் இன்ஸ்டாலரைப் பென்டிரைவுல போட்டா இந்தச் செயலிக்கு ஆகாதுன்னு ஒரு வரி வந்து நின்னுரும். அதப் பாத்து மிஷினே போச்சுன்னு பரண்ல மறுபடி ஏத்திருவீங்க. அப்படி ஏத்துன நல்ல மிஷின் எத்தனையோ எங்கடைக்கு எடைக்கு வந்திருக்கு. பாக்கறப்ப எல்லாம் மனசு கஷ்டமா இருக்கும்.

அதனால மொதல்ல ஒரு 32 பிட் லைவ் பென்டிரைவ் தயார் பண்ணுங்க. ஆன்டிஎக்ஸ் 23-ல கோப்புப் பேருல 386-னு இருக்கறதை எறக்குங்க. உங்க தம்பியோட லேப்டாப்புல ரூஃபஸ் இல்லாட்டி பலேனா எட்சர்ங்கற மென்பொருளை வெச்சு 4 ஜிபி பென்டிரைவுல எழுதுங்க. ஹார்டு டிஸ்கைத் தொட வேண்டாம். பென்டிரைவுல இருந்தே பூட் பண்ணி, டெர்மினலைத் தெறந்து எல்-எஸ்-சி-பி-யூ, அஞ்சு எழுத்தையும் சேத்துச் சின்ன எழுத்துல தட்டுனா, செயலி பேரும் எத்தனை பிட்டுங்கறதும் வந்துரும். வைஃபை வருதா, சத்தம் வருதா, மூடி சாத்துனாத் தூங்கி எழுதான்னும் அப்பவே பாத்துருங்க. லைவ்ல பேரும் டெமோ, பாஸ்வேர்டும் டெமோ.


ஜமுக்காளம் | பவானி

நொய்யல்கரை அண்ணன் சொல்வது சரி. நான் கேட்காமல் சொன்னது என் தவறு. 32 பிட் என்றால் டெபியன் 12 தான் கடைசி வழி. அது ஜூன் 2023-ல் வந்தது, வழக்கமான ஆதரவு ஜூன் 2026 வரை, பிறகு நீண்டகால ஆதரவு ஜூன் 2028 வரை. ஆன்டிஎக்ஸ் 23-ம் இந்த 12-ஐத்தான் அடித்தளமாகக் கொண்டது. ஆகவே 32 பிட் என்று தெரிந்துவிட்டால் எனக்கும் சென்னிமலைத் தம்பிக்கும் சண்டையே இல்லை, ஒரே கிணற்றுத் தண்ணீர்தான்.

லினக்ஸ் மின்ட் பிடித்தவர்கள் இதைப் படித்தால் ஒரு தகவல். மின்ட்டின் டெபியன் பதிப்பு, எல்எம்டிஇ 6 வரை 32 பிட் இருந்தது. 2025-ல் வந்த 7-ல் இல்லை.


பீளமேடு | கோவை

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன தேதிகளையே பாருங்கள். 2028-ல் கதவு மூடப்போகிறது. கணக்கு என்பது குடும்பத்துச் சொத்து. பதினாறு வருடம் பழசான ஹார்டு டிஸ்கில் அதை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காந்திபுரம் பக்கம் அலுவலகங்களில் இருந்து கழித்த லேப்டாப்புகள் நல்ல நிலையில் கிடைக்கின்றன. 64 பிட், 8 ஜிபி ராம் உள்ளதாகப் பார்த்து ஒன்று வாங்கிவிட்டால் எந்த வினியோகமும் ஓடும், பத்து வருடம் கவலை இல்லை. பழையதைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை நல்லதுதான். ஆனால் உங்கள் நேரத்துக்கும் விலை உண்டு.


கொப்பரைக்களம் | காங்கயம் பக்கம்

எல்லாருக்கும் நன்றிங்க. பீளமேடு அண்ணா சொல்றது நியாயம்தான், நானும் ரோசனை பண்ணுனேன். ஆனா களத்துச் சாளையில வெக்கற மிஷினுங்க. தூசி, வெயிலு, எலி. நல்ல லேப்டாப்பைக் கொண்டுபோய் அங்க வெக்கப் பயமா இருக்கு. இது சின்னது, ரெண்டு கையில புடிச்சா மடியில அடங்கும். கரண்டு போனாலும் முக்கால் மணி நேரம் நிக்கும். அப்பா தேங்கா வித்த காசுல வாங்கிக் குடுத்தது, அதுவும் இருக்குதுங்க.

நொய்யல்கரை அண்ணா சொன்ன மாதிரியே பென்டிரைவு போட்டுப் பாத்தேன். எஸ்கேப்பைத் தட்டித் தட்டி மூணாவது தடவை பூட் மெனு வந்துச்சு. என்270-தானுங்க. 32 பிட் மட்டும்னு போட்டிருக்கு. வைஃபை ஏதரோஸ், தானா வந்துருச்சு. டெஸ்க்டாப் வந்து நின்ன பொறகு ராம் 170 எம்பிதான் ஓடுது. எக்ஸ்பியில பாதி ராம் சும்மாவே போயிரும், எனக்கு நம்பவே முடியல.

ஒரே ஒரு பிரச்சினை. அமைப்புக்கு ஒரு சன்னல் தெறந்தா அதோட அடிப்பகுதி திரைக்குக் கீழ போயிருது. சரி, ரத்துங்கற பொத்தானே கண்ணுல படல.


ஆழியார் | ஆனைமலை பக்கம், ஆசிரியர்

600 புள்ளி உயரத் திரையில் எல்லாருக்கும் வரும் சிக்கல் இது. ஆல்ட் விசையை அழுத்தியபடி சன்னலுக்குள் எங்கே வேண்டுமானாலும் மவுஸால் பிடித்து மேலே இழுங்கள். தலைப்புப் பட்டை திரைக்கு வெளியே போனாலும் பரவாயில்லை, கீழே ஒளிந்திருக்கும் பொத்தான் மேலே வந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு மாலை முழுவதும் டேப் விசையைத் தட்டித் தட்டிக் குத்துமதிப்பாக எண்டர் கொடுத்திருக்கிறேன்.

நான் பப்பி லினக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குத் தட்டச்சு பழக்க மூன்று நெட்புக்குகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் ஹார்டு டிஸ்க் முற்றிலும் செத்துவிட்டது. பப்பி முழுவதும் ராமுக்குள் ஏறிக்கொண்டு ஓடும் என்பதால் அந்த மிஷின் பென்டிரைவிலேயே மூன்று வருடமாக உயிரோடு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பேரி கௌலர் என்பவர் 2003-ல் தொடங்கியது. டெபியன் 12 பொதிகளை வைத்துச் செய்த 32 பிட் பப்பியும் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பென்டிரைவு கொடுத்தால் அதுவே அவர்களுடைய கணினி. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன்னுடையதைத் தாவணி நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவாள்.


சென்னிமலைப்படி | ஈரோட்டில் கல்லூரி

சார், பப்பி நல்லதுதான். ஆனா பென்டிரைவுல ஓட்டறப்ப செஞ்ச வேலை அப்பப்பதான் சேமிப்புக் கோப்புக்குப் போகும். நடுவுல கரண்டு போயி பேட்டரியும் தீந்துட்டா கடைசியா ஏத்துன வரிகள் போயிரும். கணக்குக்கு அது ஆபத்து. அதோட எல்லாமே, முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராவே ஓடுது.


ஆழியார் | ஆனைமலை பக்கம், ஆசிரியர்

உண்மை. ஹார்டு டிஸ்கிலேயே பப்பியை வைத்தால் உடனுக்குடன் எழுதிவிடும், அந்த இடைவெளி பென்டிரைவில் மட்டும்தான். ஆனாலும் தினக் கணக்குக்கு ஆன்டிஎக்ஸை நிறுவிக்கொள்வதே சரி என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். பப்பி பென்டிரைவு ஒன்றை மட்டும் அலமாரியில் வைத்திருங்கள். மிஷின் என்றாவது எழாமல் போனால் கோப்புகளை வெளியே எடுக்க அதைவிடக் கை கொடுப்பது வேறில்லை.


நொய்யல்கரை | திருப்பூர், சர்வீஸ் கடை

அம்மிணி, நிறுவறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் செலவு பண்ணி மிஷினைத் தெறங்க. பயப்படாதீங்க, அடியில இருக்கற திருகாணிக தான். வினியோகத்துக்கு நூறு கட்டுரை படிக்கறதை விட இது அதிகம் பலன் தரும்.

ராம் மூடி தனியா இருக்கும். டிடிஆர்2, லேப்டாப் அளவு, 2 ஜிபி ஒரே குச்சியா வாங்குங்க. இந்தச் செயலிக்கு 2 ஜிபிக்கு மேல ஏறாது. 667 வேகம்னு போட்டிருந்தாலும் பரவால்ல, 533-ல ஓடிக்கும். ஆனா சில மிஷின்ல 512 எம்பி போர்டுலயே பத்த வெச்சிருப்பாங்க, அதுல ஒன்றரை ஜிபியோட நின்னுரும். மூடியத் தெறந்து பாத்துட்டு அப்பறம் வாங்கப் போங்க.

அடுத்தது ஹார்டு டிஸ்க். பீளமேடு தம்பி பயப்பட்டது இதுக்குத்தான், அந்தப் பயம் நியாயமான பயம். அதுக்குப் பதிலா சுத்தற தட்டு இல்லாம சில்லுலயே சேமிக்கற ரெண்டரை இஞ்சு சாட்டா எஸ்எஸ்டி, 120 ஜிபி இருந்தாப் போதும். ராமை விட இதுதான் வித்தியாசம் காட்டும். பழைய டிஸ்கைக் கழட்டி அப்படியே எடுத்து வெச்சுருங்க, உங்க காலேஜ் போட்டோவெல்லாம் அதுல இருக்குமில்ல.

மூணாவது, களத்துத் தூசி. நார்த்தூசி மாதிரி கெட்டது வேற இல்ல. பின்னலாடைக் கம்பெனியில இருந்து வர்ற மிஷின்ல பஞ்சு அடைச்சிருக்கும், உங்களுதுல நார் அடைச்சிருக்கும். விசிறிய மெத்துனு ஒரு பெயின்ட் பிரஷ்ஷுல தொடைங்க, ஊதறப்ப விசிறி சுத்தாம ஒரு ஈர்க்குச்சி குடுத்துப் புடிச்சுக்கங்க. செயலி மேல இருக்கற பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பாட்டம் இருக்கும், சொரண்டீட்டுப் புதுசு வைங்க.

இன்னொண்ணும் சொல்லோணும். இந்தச் சின்னப் பெட்டிக பொறந்ததே லினக்ஸோடதான். 2007 கடைசியில வந்த ஆசூஸ் ஈ பிசி 701, ஏழு இஞ்சு, 512 எம்பி ராம், 4 ஜிபி எஸ்எஸ்டி, அதுல போட்டு வித்தது ஸேண்ட்ராஸ்னு ஒரு லினக்ஸ். நல்லா வித்ததைப் பாத்துத்தான் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிய நெட்புக்குக்கு மட்டும் 2010 வரைக்கும் நீட்டிக் குடுத்தாங்க. அந்த எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல்ல முடிஞ்சுபோச்சு. இப்ப நீங்க பண்றது அதைப் பொறந்த ஊட்டுக்குத் திருப்பிக் கூட்டிப் போற வேலை.


கொப்பரைக்களம் | காங்கயம் பக்கம்

தெறந்தேனுங்க. விசிறி வாயில நாரு, சின்னக் குருவிக் கூடாட்டம் சுத்தி அடைச்சிருந்துச்சு. அம்மா பாத்துட்டு வாயில கைய வெச்சுட்டாங்க. சுத்தம் பண்ணி, எஸ்எஸ்டி மாட்டி, ராமும் 2 ஜிபி ஆக்கிட்டேன். ஆன்டிஎக்ஸ் நிறுவி முடிக்க அரை மணி நேரம் ஆச்சு.

ஆனா இப்ப வேற பிரச்சினை. புதுப்பிக்கப் போனா மென்பொருளை நிறுவற ஏபிடிங்கற கருவி ஏத்துக்க மாட்டேங்குது. வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகலைன்னு சொல்லுது. பயர்பாக்ஸ்ல எந்தப் பக்கம் போனாலும் பாதுகாப்பு எச்சரிக்கை. நேத்து ராத்திரி பதினொரு மணி வரைக்கும் மென்பொருள் எறக்கற களஞ்சியத்தோட முகவரிய மாத்தி மாத்திப் பாத்தேன். எங்க தப்புப் பண்ணுனேன்னு தெரியல.


நொய்யல்கரை | திருப்பூர், சர்வீஸ் கடை

மூலையில கடிகாரத்தைப் பாருங்க. 2009-னு காட்டுதா?


கொப்பரைக்களம் | காங்கயம் பக்கம்

ஆமாங்கண்ணா. 2009 ஜனவரி 1. கவனிக்கவே இல்லைங்க.


நொய்யல்கரை | திருப்பூர், சர்வீஸ் கடை

நீங்க ஒரு தப்பும் பண்ணல. போர்டுல இருக்கற சின்ன வட்ட பேட்டரி செத்துப்போச்சு. சிஆர்2032, கடிகாரக் கடையிலயே கெடைக்கும். சிலதுல ஒயரோட ஒட்டி, உறை போட்டு வெச்சிருப்பாங்க, அப்படின்னா அதே மாதிரி வாங்குங்க. பேட்டரிய எடுத்துட்டு கரண்டு இல்லாம வெச்சா மிஷின் தேதிய மறந்துரும். 2009-ல நின்னுட்டு 2025-ல கையெழுத்துப் போட்ட கோப்பைப் பாத்தா, இது எதிர்காலத்துல இருந்து வந்ததுன்னு ஏபிடி ஒதுக்கத்தான் செய்யும். வலைத்தளச் சான்றிதழுக்கும் அதே கதைதான். இப்போதைக்குத் தேதிய மட்டும் சரி பண்ணீட்டு ஓட்டுங்க. களஞ்சிய முகவரிய மட்டும் பழையபடி ஆக்கீருங்க.


பல்லடம்தறி

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கோணும். எங்க தறிக்குடோன்ல ஒரு நெட்புக் இருக்கு, 2012-ல வாங்குனது, என்2600. அது 64 பிட்னு போட்டிருக்கு. அப்ப புதுசு எதையும் போடலாமுங்களா? இன்னொண்ணு, பையன்கிட்ட இருக்கற வேற ஒண்ணுல வைஃபையே வர மாட்டேங்குது, பிராட்காம்னு காட்டுது.


ஜமுக்காளம் | பவானி

என்2600-ல் சிக்கல் பிட்டில் இல்லை, கிராஃபிக்ஸில் இருக்கிறது. ஜிஎம்ஏ 3600 என்று பெயர், உள்ளே இன்டெலின் சொந்த வடிவமைப்பு இல்லை, பவர்விஆர் வடிவமைப்பு. அதற்கு லினக்ஸில் முப்பரிமாண முடுக்கம் கிடையாது. கர்னலில் உள்ள ஜிஎம்ஏ500 இயக்கி படத்தை 1024க்கு 600-ல் ஒழுங்காகக் காட்டும், அதோடு நிற்கும். ஆகவே ஜினோம், கேடிஇ போன்ற கனமான டெஸ்க்டாப் பக்கம் போகாதீர்கள். தறிக் கணக்குக்கு ஐஸ்டபிள்யூஎம், எல்எக்ஸ்டிஇ தாராளம். ஆனால் யூடியூப் முழுத்திரையில் என்று நம்பி உட்காராதீர்கள். விந்தை என்னவென்றால், அதைவிடப் பழைய என்270-உடன் வரும் ஜிஎம்ஏ 950-க்கு லினக்ஸ் ஆதரவு இதைவிட நன்றாக இருக்கும்.

பிராட்காம் வைஃபைக்கு, சில்லுக்குள் ஏற்றும் நிலைப்பொருள் (ஃபர்ம்வேர்) தனியாக வேண்டும். 4312 போன்ற பழைய சில்லுகளுக்கு அதை இணையத்தில் இருந்து இறக்கித்தான் நிறுவ வேண்டும், இணையமோ வைஃபை இல்லாமல் வராது. போனை யூஎஸ்பி கம்பியில் செருகி, யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். எந்த இயக்கியும் போடாமலே கம்பிவழி இணையமாக வந்துவிடும். பையனுக்கு ஐந்து நிமிட வேலை.


கொப்பரைக்களம் | காங்கயம் பக்கம்

தேதி மாத்துனதும் எல்லாம் சரியாயிருச்சுங்க. வட்ட பேட்டரியும் மாத்தீட்டேன். இப்ப கால்க்ல தமிழ் பெட்டி பெட்டியா வருது. தமிழ் 99 விசைப்பலகை எப்படிக் கொண்டுவர்றது?


ஆழியார் | ஆனைமலை பக்கம், ஆசிரியர்

இது என் பாடம், நான் சொல்கிறேன். பெட்டி வருவது எழுத்துரு இல்லாததால். பொதி மேலாளரில் லோஹித் தமிழ், நோட்டோ இரண்டையும் நிறுவுங்கள். திரையில் படிக்க நோட்டோ சான்ஸ் தமிழ் தெளிவு. அப்பாவுக்குக் கண் மங்கல் என்றீர்களே, கால்க் அளவை 150 விழுக்காட்டில் வைத்து, பத்தி அகலத்தைக் கூட்டுங்கள்.

தட்டச்சுக்கு இரண்டு வழி. விசைப்பலகை அமைப்பில் இந்தியா என்ற பட்டியலின் கீழ் தமிழ்நெட் 99 என்றே ஒரு தளவமைப்பு இருக்கிறது. அதற்கு எதுவும் நிறுவ வேண்டாம், ராமும் தின்னாது. ஆனால் ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில்தான் அது ஓடும். தமிழ் 99-ன் அழகே, 'அம்மா' என்று அடிக்கும்போது முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழுவதில் இருக்கிறது. 1999-ல் சென்னை மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட தளவமைப்பு அது. அந்தத் தானியங்கிப் புள்ளி வேண்டுமென்றால் ஐபஸ் எனும் உள்ளீட்டுக் கருவியை, கூடவே அதில் தமிழ் 99 தரும் ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவுங்கள். ஐஸ்டபிள்யூஎம்மில் ஐபஸ் தானாகத் தொடங்காது. உங்கள் வீட்டு அடைவில், புள்ளியில் தொடங்கும் மறைவான டெஸ்க்டாப்-செஷன் அடைவுக்குள் ஸ்டார்ட்அப் என்றொரு கோப்பு இருக்கும், அதன் கடைசியில் ஐபஸைத் தொடக்கும் வரியைச் சேர்த்துவிடுங்கள்.

என் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் பார்க்காமல் அடிக்கிறார்கள். உயிரெழுத்து எல்லாம் இடது கை, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கை என்று ஒரு தாளில் எழுதி மிஷினுக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள், வேகமாகப் பழகும்.


பீளமேடு | கோவை

நான் ஆரம்பத்தில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை, ஆனால் நீங்கள் செய்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. எஸ்எஸ்டி மாற்றியதே என் பாதிக் கவலையைத் தீர்த்தது. மீதிப் பாதிக்கு: தினமும் பொழுது சாயும்போது கணக்குக் கோப்பை ஒரு பென்டிரைவில் நகல் எடுங்கள், பெயரில் தேதி போடுங்கள். வாரம் ஒருமுறை அதைத் தம்பியின் லேப்டாப்பிலும் ஏற்றுங்கள். களத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று, தம்பியிடம் ஒன்று.

உலாவி பற்றி யாரும் பேசவில்லையே. அதுதான் இந்த மிஷினில் பெரிய பாரம்.


ஜமுக்காளம் | பவானி

அதற்குத்தான் வந்தேன். வினியோகம் 170 எம்பியில் நிற்கும், ஒரு செய்தித்தளத்தைத் திறந்தால் உலாவி மட்டும் 600 எம்பி கேட்கும். எந்த லினக்ஸ் போட்டாலும் இது மாறாது. குரோம் 32 பிட் லினக்ஸை 2016-லேயே கைவிட்டது. பயர்பாக்ஸ் 144 உடன் மோசில்லாவும் நிறுத்திக்கொண்டது. ஆனால் இஎஸ்ஆர் எனும் நீடித்த ஆதரவுப் பதிப்பு 140-க்கு 2026 செப்டம்பர் வரையாவது பாதுகாப்புத் திருத்தம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். டெபியன் களஞ்சியத்தில் இருப்பது இஎஸ்ஆர் தான். யூபிளாக் ஆரிஜின் போடுங்கள். விளம்பரத்தைத் தடுத்தால் பக்கம் பாதி எடை ஆகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு தாவல் போதும், விலை பார்த்தவுடன் உலாவியை மூடிவிடுங்கள்.

அதன் பிறகு என்ன என்று கேட்பீர்கள். விலையைப் போனில் பாருங்கள், வங்கி வேலையை இதில் செய்ய வேண்டாம். கணக்குக்கு இணையமே தேவையில்லை. 2028 தாண்டினாலும் கால்க் திறக்கும், பில் அடிக்கும்.


கொப்பரைக்களம் | காங்கயம் பக்கம்

பத்து நாளாச்சுங்க, என்ன நடந்துச்சுன்னு சொல்லாம இருந்தா நல்லாருக்காது.

ஐபஸ் போட்டுட்டேன், புள்ளி தானா விழுகுது. பிரிண்டருக்கு கப்ஸ்ங்கற அச்சு மென்பொருள்ல எப்சன் 9 பின்னுனு ஒரு பொது இயக்கி இருந்துச்சு, அதத் தேர்ந்தெடுத்தேன். தமிழை எழுத்தா அடிக்காம படமா அடிக்குது, அதனால மெதுவு. ஒரு பில்லு வர ஒன்றரை நிமிசம் ஆகுது. ஆனா எழுத்து முழுசா, கொம்பு காலு எதுவும் ஒடையாம வருது. மாசம் நாலு பில்லுக்கு இது போதுமுங்க.

போன வருசத்து நோட்டு ரெண்டையும் ஏத்தி முடிச்சேன். நனைஞ்ச பக்கத்துல மை ஊறுன எடமெல்லாம் குத்துமதிப்பாப் படிச்சு ஏத்துனது. நேத்து பொழுதோட சாளையில அப்பாவைப் பக்கத்துல உக்கார வெச்சு, 150 விழுக்காட்டுல காட்டுனேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்தீட்டு, திரைகிட்ட மூஞ்சிய வெச்சு ஒவ்வொரு வரியா விரல் வெச்சுப் படிச்சார். ஆடி மாசத்து லோடு ஒண்ணுகிட்ட வந்ததும் விரலு நின்னுருச்சு.

"இது நாலாயிரத்து எரநூறு காய் அம்மிணி. நீ நாலாயிரத்து எழுநூறுன்னு போட்டிருக்க. அன்னைக்கு லாரி பாதி வழியில நின்னு, ஐநூறு காய் மக்கா நாளுதான் வந்துச்சு."

நனைஞ்ச நோட்டை எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தோம். எரநூறுதான். திருத்திச் சேமிச்சு, தேதி போட்டுப் பென்டிரைவுல நகல் எடுத்துட்டு மூடுனோமுங்க.